வேப்பிலைக்கு முன்னால் எத்தனை நாள்?

பண்டசோழநல்லூர்
6.11.2023

அன்புத் தம்பி பாக்யராஜுக்கு அக்கா செங்கமலம் எழுதுவது.

இங்கே நான், மாமா, அத்தை, உன் குட்டி மருமகள் சுவேதா எல்லோரும் சுகம். ஐதராபாத்தில் குளிர் வந்துவிட்டதா? வந்திருந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும்.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதறாதே. என் போன் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனது. மாமா போன் அவரோடு கொத்து வேலைக்குப் போய்விடும். ஆபீசில் கொடுத்த டேப்லெட்டில் சொந்தக் கதை பேசக்கூடாது. அதனால் இனிமேல் கடிதம்தான். போனில் நீ "உம், உம்" என்று சொல்லிக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதத்துக்கு உம் கொட்ட முடியாது, உட்கார்ந்து எழுதியே ஆகவேண்டும்.

நீ கண்டுபிடித்த மருந்தின் பரிசோதனைக்காக மூன்று கொம்யூன் பஞ்சாயத்தும் சுற்றி என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கையில், காலில், வாயில் கொப்புளம் போட்ட பிள்ளைகள் எண்பத்துநான்கு பேரைச் சேர்த்தாயிற்று. வீடு தேடிப் போவது, சம்மதம் வாங்குவது, என்றைக்கு ஆரம்பித்தது என்று தேதி பதிவது, டாக்டருக்குச் சொல்வது, இதுதான் என் வேலை. அவர் வந்து சிரப் கொடுப்பார். பாதிப் பிள்ளைகளுக்கு உன் மருந்து, பாதிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர். எது யாருக்கு என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அது நல்ல ஏற்பாடுதான். தெரிந்தால் ஊரில் என்னை உட்கார விடமாட்டார்கள்.

பெரிய தெருவில் விஜயகுமாரி என்று ஒரு அம்மா. கரும்புக்காரர் வீடு. என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பதில் சொன்னார். வெயிலில் நின்று அத்தனை கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். அவர் சலித்துப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், கேட்டுக்கு வெளியேதான்.

உன் அக்கா என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். எனக்கு ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஒரே ஒரு சந்தேகம். உன் மருந்தை எத்தனை நாளுக்குள் கொடுத்தால் வேலை செய்யும்? பயிற்சியில் காட்டின படத்தில் போட்டதைச் சொல்லாதே, உள்ளதைச் சொல்.

தீபாவளிக்கு வரமாட்டாய் என்று தெரியும். அதிரசம் அனுப்பமாட்டேன், வந்தால்தான்.

அக்கா
செங்கமலம்


ஐதராபாத்
17.11.2023

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன், காதும் நலம். தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்றாவது ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். புது போன் வாங்கி அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை, வாங்கப் போகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அந்த வைரசுக்கு மேலே ஒரு ஓடு இருக்கிறது. உடம்புக்குள் புகுந்ததும் ஓடு திறக்கும், உள்ளே இருப்பது வெளியே வந்து பெருகும். அந்த ஓட்டில் ஒரு சின்னப் பள்ளம். எங்கள் மருந்து அந்தப் பள்ளத்தில் ஆப்பு அடித்த மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடு திறக்காது. எட்டு வருஷமாக நாற்பது ஆப்புகள் செய்து பார்த்தோம், பள்ளத்தில் பொருந்தியது நாற்பத்தொன்றாவது. அதனால்தான் அதற்கு 41 என்றே பேர்.

ஆனால் ஓடு திறப்பதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். உடம்பு சரியில்லாமல் ஆரம்பித்து நாற்பத்தெட்டு மணி நேரம். அவ்வளவுதான் கெடு.

இன்னொரு தொல்லை அதன் கசப்பு. வாயெல்லாம் புண்ணான பிள்ளை அதைத் துப்பாமல் என்ன செய்யும்? ஆறு மாதம் அந்தக் கசப்போடு மல்லுக்கட்டினேன். தினமும் ஒரு சொட்டு என் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மதியம் சாப்பாடே இறங்காது. கடைசியில் மாம்பழ வாசனையில் ஒருவழியாக மடங்கியது.

சுவேதா என்ன செய்கிறாள்? போன தடவை வீடியோவில் கட்டில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டே பேசினாளே, ஒரு வார்த்தை புரியவில்லை. அவளை ஏதாவது கிறுக்கச் சொல்லி அனுப்பு.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

உன் தம்பி
பாக்யராஜ்


பண்டசோழநல்லூர்
9.12.2023

அன்புத் தம்பிக்கு,

மழையில் கூரை ஒழுகாமல் தப்பித்தோம். எல்லோரும் சுகம். நீ மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மருந்தை நக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்ட பிறகு நக்கு.

சுவேதா கிறுக்கியது உள்ளே இருக்கிறது. வட்டமாக இருப்பது நீ. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். இதை எழுதும்போது பக்கத்தில் படுத்துக் கதை கேட்கிறாள்.

நம் பக்கத்துச் சங்கதி உனக்கு மறந்திருக்கும், எழுதுகிறேன். பிள்ளைக்கு மேலில் கொப்புளம் கண்டால் ஆஸ்பத்திரிப் பேர் எதுவானாலும் இங்கே அது அம்மாதான். "அம்மா வாத்துருக்குது" என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிக்கமாட்டார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாளைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அம்மாவும் திரும்பி வருவாளாம். நான் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன். எங்கள் மேற்பார்வையாளர் கலைவேந்தன் என்ன கேட்டார் தெரியுமா? "நன்றி கூறி விடைபெற்றார்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல ஏன் டிக் பண்ணல?" நான் சொன்னேன், "சார், நீங்க போய் ஒரு வூட்டுல விடைபெற்றுக் காட்டுங்க, தொடப்பத்தோட வருவாங்க."

நாற்பத்தெட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாய். இன்னொன்று கேட்கிறேன். நாலாம் நாள், ஐந்தாம் நாள் கொடுத்தால்? கொஞ்சம்கூடவா கேட்காது? பாதியாவது?

மறக்காமல் பதில் எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் இதற்கு எழுது.

அக்கா


ஐதராபாத்
5.1.2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை. அதனால்தான் தாமதம்.

41 தோற்றுவிட்டது.

பரிசோதனையை மேலிருந்து கவனிக்க ஒரு குழு உண்டு. யாருக்கு எது கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். போன வாரம் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். மருந்து குடித்த பிள்ளைகளுக்கும் சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். தொடர்ந்து நடத்துவதில் பிரயோசனம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மார்ச் மாதத்தோடு மூடுகிறார்கள். என்னை ரத்தக்கொதிப்பு மாத்திரைப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். போய்விடலாம் என்றிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துத் தட்டில் அது அந்த வைரசை அடியோடு நிறுத்தியது அக்கா. என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளிடம் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எட்டு வருஷம் போயிற்று.

நீ கேட்டதற்குப் பதில்: நாலாம் நாள் கொடுத்தால் அதுவும் தண்ணீர்தான். கதவைத் திறந்து திருடன் உள்ளே போன பிறகு தாழ்ப்பாள் போடுகிற வேலை.

பொங்கலுக்கு வரவில்லை. யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. புது போன் அனுப்பினேனே, கிடைத்ததா? எடுக்கவே இல்லை. மாமா போனுக்கு அடித்தால் "சாரத்து மேல நிக்கிறன் மச்சான்" என்று வைத்துவிடுகிறார். இருபத்துநாலு மணி நேரமும் சாரத்திலா நிற்கிறார்?

பாக்யராஜ்


பண்டசோழநல்லூர்
22.1.2024

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

மூடாதே. உங்கள் பெரியவர்களிடம் போய் மூடாதே என்று சொல். மருந்து தோற்கவில்லை, தேதி தோற்றது.

உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "குழந்தைக்கு அம்மை கண்டு எத்தனை நாள் ஆகிறது?" ஏசி அறையில் உட்கார்ந்து எவரோ தமிழ்ப்படுத்தியது. அதை நான் எண்பத்துநான்கு வாசலில் கேட்டேன். "நேத்துதான்" என்றார்கள். "இன்னிக்கு ரெண்டு" என்றார்கள். நான் பதிந்தேன்.

ஒருத்தியும் பொய் சொல்லவில்லை பாக்யா. நாங்கள் வேப்பிலை கட்டின நாளைத்தான் முதல் நாள் என்போம். தண்ணீர் ஊற்ற மூன்று, ஐந்து என்று எண்ணுவது அன்றிலிருந்துதானே? அதற்கு முன்னால் பிள்ளை சோற்றைத் தள்ளியிருக்கும், சுரம் அடித்திருக்கும். அது கணக்கில் வராது. அது வெறும் சுரம். கண்ணால் பார்த்து, பெரியவர்கள் வந்து, இது அவள்தான் என்று சொல்லி இலையைக் கட்டினால்தான் அம்மா வந்ததாக அர்த்தம். அதற்கு முன்னால் வாயால் சொல்வதே தப்பு.

ஆக, உங்கள் கணக்கில் இரண்டாம் நாள் என்று இருக்கிற பிள்ளைக்கு உண்மையில் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ. அத்தனை பேருக்கும் நாம் ஊற்றியது, நீயே எழுதினாயே, தண்ணீர்.

ரத்தக்கொதிப்புப் பிரிவுக்குப் போனால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும். போகாதே.

அக்கா


ஐதராபாத்
3.2.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். உன் பாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

முடிவு தெரிந்த பிறகு தேதியை மாற்றினால் அதற்குப் பேர் திருத்தம் இல்லை, திருட்டு. அதுவும் மருந்து செய்தவன் தம்பி, தேதியை மாற்றுகிறவள் அக்கா. நானே உன்னை ஏவிவிட்டேன் என்பார்கள். என் வேலை போகட்டும். உன் பேர் கெடும். அந்த ஊரில் நீ வாசல் வாசலாக ஏறி இறங்கி வாங்கின பேர்.

எத்தனை அம்மாக்களைக் கேட்டாய்? ஒருத்தியா, இரண்டு பேரா? எதைவைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்? அதோடு, இப்படித்தான் எண்ணுவார்கள் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே ஏன் நீ கேட்கவில்லை? நீயும் அந்த ஊர்க்காரிதானே?

கோபத்தில் கேட்கவில்லை. அவர்கள் கேட்கப் போவதைத்தான் கேட்கிறேன். வேண்டாம் அக்கா, விட்டுவிடு.

சுவேதாவின் படத்தை மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். என்னை இவ்வளவு வட்டமாகப் போட்டிருக்கவேண்டாம்.

பாக்யராஜ்


பண்டசோழநல்லூர்
27.2.2024

மதிப்பிற்குரிய விஞ்ஞானி பாக்யராஜ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பயமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எத்தனை அம்மாக்கள் என்று கேட்டீர்கள். அறுபத்தொரு வீடு. நான் தனியாகப் போகவில்லை. என்னோடு வேலை பார்க்கிற மகாலட்சுமியும் வந்தாள். நான் கேட்பேன், அவள் எழுதுவாள். அம்மாக்களுடைய ஞாபகத்தை நம்பி மட்டும் எழுதவில்லை. எங்கள் அங்கன்வாடி டீச்சர் உஷாராணி அக்காவிடம் ஒரு பழக்கம். மதியம் சோறு தின்னாத பிள்ளையின் பேருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். மிஞ்சின சோற்றுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்ற பயத்தில் ஆரம்பித்த பழக்கம். அந்த நோட்டை வாங்கினேன். எங்கள் டேப்லெட்டில் ஏழாம் தேதி என்று இருக்கும், நோட்டில் நாலாம் தேதியே புள்ளி இருக்கும். அதற்கு மறுநாளிலிருந்து பிள்ளை வந்திருக்காது. பக்கத்து ஊர் நோட்டுகளில் புள்ளி இல்லை, வராத நாள் இருக்கிறது. அதையும் எடுத்தோம்.

நோட்டு கிடைத்தது ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கு. அதில் முப்பத்தெட்டுத் தேதி தப்பு. மீதி ஒன்பது பேர் அங்கன்வாடிக்குப் போகாத கைப்பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். தம்பி மருந்தை ஜெயிக்கவைக்க வேண்டுமானால் அங்கேயும் ஏதாவது ஒரு தேதியைப் போட்டிருப்பேன். யாருக்கு மருந்து, யாருக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் குழுவுக்குத்தான் தெரியும். தெரியாத ஒருத்தி எப்படித் திருட முடியும், சொல்லுங்கள்.

கலைவேந்தன் கூப்பிட்டனுப்பினார். "இன்னாம்மா, செத்த பாம்ப அடிக்கிற? மார்ச்ல மூடப்போறாங்க, சம்பளத்த வாங்கிக்கினு வூட்டப் பாரு. தப்பா எழுதினது யாரு? நீதான? கையெழுத்து யாரோடது?" என்றார். "என்னோடதுதான் சார், அதனாலதான் நானே சொல்றன்" என்றேன்.

விஜயகுமாரி வீட்டுக்கும் போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "சோறு இறங்கலன்னு திங்கக்கிழமையே அழுதான். நீ அம்மா வந்து எத்தினி நாளுன்னுதான கேட்ட? சோறு தின்னு எத்தினி நாளுன்னா கேட்ட?" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பிள்ளைகளின் பேரை மறைத்து எண் மட்டும் போட்ட நகல்கள் எல்லாம் இதோடு இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில், தேதிகளைத் தவறாகப் பதிந்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே கொடுக்கிறீர்களா, இல்லை நானே ரயிலேறி வரட்டுமா?

இப்படிக்கு
ரா. செங்கமலம், களப்பணியாளர்


ஐதராபாத்
12.3.2024

அன்புள்ள அக்கா,

கொடுத்துவிட்டேன். தபால் வந்த அன்றே, உறையோடு, பிரித்த கையோடு. எங்கள் இயக்குநர், உஷாராணி டீச்சரின் சிவப்புப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். "இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே?" என்றார். இல்லை என்றேன். என்னை இந்த விஷயத்திலிருந்து விலகி இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதுதான் முறை. ரத்தக்கொதிப்புப் பிரிவுக்கு நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், நேரில் கேட்கிறேன்.

ஆனால் என் கேள்வி ஒன்றை நீ தாண்டிப் போய்விட்டாய். அறுபத்தொரு வீட்டுக்கு நீ போனது பிப்ரவரியில். மூடாதே என்று எழுதியது ஜனவரியில். அப்போதே உனக்கு எப்படித் தெரியும்?

நேற்று ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். எத்தனை நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று ஒரு கடிதம். நாலாம் நாள் கொடுத்தால் பாதியாவது கேட்காதா என்று ஒரு கடிதம். சுவேதா சாப்பிடுகிறாள், படுத்திருக்கிறாள், கிறுக்குகிறாள். நாலு மாதத்தில் ஒரு வரியிலும் அவள் ஓடவில்லை அக்கா. கட்டிலிலிருந்து குதிக்கவில்லை. நடக்கக்கூட இல்லை.

போன் உண்மையிலேயே வாய்க்காலில் விழுந்ததா?

பாக்யா


பண்டசோழநல்லூர்
30.3.2024

பாக்யா,

போன் விழவில்லை. பீரோவில் இருக்கிறது. நீ அனுப்பினதும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. வீடியோவில் நீ அவளைக் குதிக்கச் சொல்வாய் என்றுதான் எடுக்கவில்லை. மாமா சாரத்திலும் நிற்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல வாய் வராமல்தான் வைத்துவிடுவார்.

போன செப்டம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை. சுவேதா அங்கன்வாடியில் சோற்றைத் தள்ளிவிட்டாள். வீட்டிலும் தின்னவில்லை. அடம் என்று நினைத்து முதுகில் ஒரு அடி வைத்தேன். செவ்வாய் சுரம். சுரத்துக்கு இருந்த சிரப்பை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு ஐந்து வீடு. ஐந்து வீட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை கொப்புளம் தெரிந்தது. அத்தை வேப்பிலை கட்டினார். வெள்ளிக்கிழமை மகாலட்சுமி டேப்லெட்டோடு வந்தாள். சொந்தப் பிள்ளைக்கு நான் பதியக்கூடாது. "அம்மை கண்டு எத்தினி நாளுக்கா?" என்றாள். "நேத்துலேருந்துடி" என்றேன். யோசிக்கவே இல்லை. எல்லா அம்மாவையும் போலத் தானாக வாயில் வந்தது. அன்று சாயந்திரம் சிரப் கொடுத்தார்கள். சனிக்கிழமை எழுந்து நிற்கச் சொன்னால் இடதுகால் நிற்கவில்லை.

ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகுமாம். பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா சாப்பிட்டா?" அம்மை கண்டு எத்தனை நாள் என்று கேட்கவில்லை. நான் விரல் மடக்கி எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாள். அந்த வராந்தாவிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் வாய் இப்படிச் சொன்னால் மற்ற அம்மாக்களுடைய வாயும் இப்படித்தானே சொல்லியிருக்கும்?

தெரிந்தும் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் தப்பு, தேதி இல்லை. நாலாம் நாளும் கொஞ்சம் கேட்கும் என்று நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அப்படியே புதைத்திருப்பேன். தண்ணீர்தான் என்று நீ எழுதின கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கூடவே மருந்து தோற்றது என்றும் எழுதியிருந்தாய். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை கால் போனது போக, அந்தத் தப்புத் தேதியால் இனி வரப்போகிற பிள்ளைகளுக்கும் மருந்து இல்லாமல் போவதா? விடமாட்டேன்.

தம்பிக்காகத் தேதியை மாற்றுகிறாள் என்று கலைவேந்தன் ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பட்டியலை அவர் மேசைமேல் போட்டேன். "மொதப் பேரப் படிங்க சார்" என்றேன். அறுபத்துமூன்றாம் எண், ரா. சுவேதா, ஏழாம் தேதி என்பதை நாலாம் தேதி என்று திருத்தியது. அவர் படித்தார். பட்டியலை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் குடித்தது உன் மருந்தா, சர்க்கரைத் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று கிளம்பாதே. எதுவாக இருந்தாலும் ஐந்தாம் நாள்.

எங்களுக்காகப் பரிதாபப்பட்டு எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். சண்டை போடுவதாக இருந்தால் எழுது.

அக்கா


ஐதராபாத்
18.6.2024

அன்புள்ள அக்கா,

ஏப்ரலில் வந்து மூன்று நாள் உங்களோடு இருந்துவிட்டுப் போனேனே, அங்கே சொல்ல முடியாததை இங்கிருந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள், திருடன் என்று சமத்காரமாக எழுதினேன் பார், அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இது பரிதாபம் இல்லை, வெட்கம். கிழிக்காதே.

முடிவு வந்துவிட்டது. நடந்த பரிசோதனை தோற்றதாகவே பதிவாகும். அதை மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. சரியான தேதியை வைத்துப் பார்த்தால், நிஜமாகவே இரண்டு நாளுக்குள் சிரப் குடித்தது பதினான்கு பிள்ளைகள்தான். அதை வைத்து மருந்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வாளர்கள் இரண்டு பேர் அங்கே வந்து நோட்டுகளை நேரில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேள்வி தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்டில் புதிதாக, முதலிலிருந்து, மறுபடியும் நடக்கும். 41 பிழைத்துக்கொண்டது.

உன்னைப் புதிதில் சேர்க்கமாட்டார்கள். தேதி தவறாகப் பதிந்தவர் என்று காரணம் போட்டிருக்கிறார்கள். நான் கத்தினேன். நடக்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்டவளுக்கு வேலை போயிற்று.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. புதுப் படிவத்தின் முதல் கேள்வியை ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதியது இது: "குழந்தைக்கு உணவு உட்கொள்வதில் சிரமம் தொடங்கிய தேதி யாது?" சரியா?

பாக்யா


பண்டசோழநல்லூர்
24.8.2024

அன்புத் தம்பிக்கு,

"யாது" என்று கேட்டால் எவளும் பதில் சொல்லமாட்டாள். "வேப்பிலை கட்டுறதுக்கு முன்னால எத்தனை நாளா பிள்ளை சோறு தின்னல?" என்று எழுதச் சொல்லி மகாலட்சுமியிடம் அன்றே கொடுத்தனுப்பினேன். அதையே அச்சடித்து வந்திருக்கிறது. என் பேர் அதில் இல்லை. கேள்வி இருக்கிறது, போதும்.

வேலை போனதற்கு நீ கத்தினது தொண்டைக்குக் கேடு. நான் நூறு நாள் வேலைக்குப் போகிறேன். வாய்க்கால் தூர்வாருகிறோம். அங்கே நாற்பது அம்மாக்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இப்படி ஒரு இடத்தை உங்கள் ஆபீசால் எனக்குக் கொடுக்க முடியுமா? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தினமும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறேன். இலை கட்டுங்கள், தாளிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் பிள்ளை சோற்றைத் தள்ளின அன்றே உள்ளங்கையைப் பாருங்கள், சொல்லி அனுப்புங்கள். அத்தையும் இப்போது என் கட்சி. "சோறு தள்ன நாளே அம்மா வந்துட்டான்னு வெச்சிக்கோ" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார்.

நேற்றுக் காலை எங்கள் தெருவில் ஒரு அதிசயம். விஜயகுமாரி சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். என்னை கேட்டுக்கு வெளியே நிறுத்தினவர், நான் கூப்பிடாமலேயே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்குகிறது. "காலைல இட்லியத் துப்பிட்டான். கொப்புளம் இன்னும் வரல. வேப்பிலயும் கட்டல. எழுதிக்கோ" என்றார். நான் எழுதக்கூடாது, எனக்கு வேலை இல்லை என்றேன். "அப்ப எழுதுறவள வரச்சொல்லு" என்று அதட்டினார். மகாலட்சுமி வந்து பதிந்தாள். மணி ஒன்பதரை, முதல் நாள். பதினோரு மணிக்கு டாக்டர் சிரப் கொடுத்துவிட்டார். மருந்தா, சர்க்கரைத் தண்ணீரா, யாருக்குத் தெரியும்? ஆனால் இந்தத் தடவை கெடுவுக்குள் போயிருக்கிறது பாக்யா. அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய் வேப்பிலை கட்டினார். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வரன் செங்கமலம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா சுகம், அத்தை சுகம். சுவேதாவும் சுகம். இந்தத் தடவை பொய்யில்லை. காலில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள். தெருமுனை வரைக்கும் நாலு தடவை விழுகிறாள். தூக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறாள்.

அக்கா
செங்கமலம்